கடுகளவு நோய், மலையளவு அச்சம்

திருவானைக்காவில் உச்சிக்கால பூஜையைத் தரிசித்துவிட்டு, மதில் ஓரமாக நிழல் பார்த்து நடந்து வீடு திரும்புவது அந்த அம்மையாரின் நெடுநாள் வழக்கம். வயது 64. கணவர் பொன்மலை ரயில்வே பணிமனையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். வருகிற தை மாதத்தில் அவருக்குத் திருக்கடையூரில் பீமரத சாந்தி நடத்துவதென்று பிள்ளைகள் தீர்மானித்திருந்தார்கள். அதற்கு முன்பாக இருவருக்கும் முழு உடல் பரிசோதனை செய்துவிடலாம் என்று பெங்களூரில் இருக்கும் மகன் ஏற்பாடு செய்தான். சர்க்கரை, இரத்த அழுத்தம், இதயம் எல்லாம் வயதுக்கேற்ற அளவில் இருந்தன. மார்பகத்தை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும் மேமோகிராம் பரிசோதனையில் மட்டும், உப்பைத் தூவியதுபோல ஓரிடத்தில் சில வெண்புள்ளிகள் தெரிந்தன.

ஊசியின் மூலம் சிறிது திசுவை எடுத்துச் சோதித்தார்கள். முடிவு வந்த அன்று, கணவர் பணம் கட்டும் வரிசையில் நின்றிருந்தார். மருத்துவர் அம்மையாரை அழைத்து அமரவைத்துச் சொன்னார்: “பயப்பட ஒன்றும் இல்லை. இது ஆரம்பத்திற்கும் ஆரம்பம். ஆனால், தள்ளிப்போடாமல் அறுவை சிகிச்சை செய்துவிடுவது நல்லது.”

பயப்பட ஒன்றும் இல்லையென்றால் கத்தி எதற்கு? கத்தி வேண்டுமென்றால் பயப்படாமல் இருப்பது எப்படி? அவருக்கு விளங்கவில்லை. மருத்துவரிடம் கேட்கவும் நா எழவில்லை. வெளியே வந்து கணவரிடம், “எல்லாம் சரியாக இருக்கிறதாம்” என்றார். வீட்டுக்கு வந்ததும் அந்தக் காகிதத்தை நான்காக மடித்து, பூஜை அலமாரியில் தோத்திரப் புத்தகங்களுக்கு அடியில் வைத்தார். அன்று தொடங்கி 11 இரவுகள் அவருக்குச் சரியான உறக்கம் இல்லை.

பெயர் குறிப்பிடாத இந்த அம்மையார் ஒருவர் அல்லர். பல இல்லங்களில் நிகழ்வதைத் திரட்டி, ஓர் இல்லத்தில் வைத்துச் சொல்லும் சித்திரம் இது. நோய் கடுகளவாக இருக்கும்போதே கண்டுபிடிக்க மருத்துவம் கற்றுக்கொண்டுவிட்டது. அந்தக் கடுகைக் கண்ட மனம் என்ன பாடுபடுகிறது என்பதை வீட்டாரும் உற்றாரும் இன்னும் முழுமையாக அறிந்துகொள்ளவில்லை.

இருந்த இடத்திலேயே இருக்கும் நோய்

அந்தக் காகிதத்தில் எழுதியிருந்த பெயர் ‘டக்டல் கார்சினோமா இன் சிட்டு’. சுருக்கமாக டி.சி.ஐ.எஸ். என்பார்கள். பெண்ணின் மார்பகத்தில் பால் சுரக்கும் இடத்திலிருந்து காம்புவரை பாலைக் கொண்டுவரும் மெல்லிய நாளங்கள் உள்ளன. அந்த நாளங்களின் உட்புறத்தில் இருக்கும் செல்கள் தம் இயல்பு மாறிப் பெருகும் நிலையே இது. ‘இன் சிட்டு’ என்பது லத்தீன் சொல். ‘இருந்த இடத்திலேயே’ என்பது அதன் பொருள். மாறிய செல்கள் நாளத்தின் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே வரவில்லை. அந்தச் சுவரைக் கடக்காதவரையில் அவை நுரையீரலுக்கோ எலும்புக்கோ பரவ வழி இல்லை. இதனால்தான் மருத்துவர்கள் இதனைப் ‘பூஜ்ஜிய நிலை’ என்று கணக்கிடுகிறார்கள்.

காவிரிக் கரையில் வாழ்வோருக்கு எளிதில் விளங்கும்படி சொல்வதானால், வாய்க்காலுக்குள் களை முளைத்திருக்கிறது, வயலுக்குள் புகவில்லை. பெரும்பாலும் கட்டி தென்படாது, வலியும் இராது. நாளத்திற்குள் படிந்த சுண்ணச் சத்துத் துகள்கள் மேமோகிராம் படத்தில் வெண்புள்ளிகளாகத் தெரிவதால்தான் இது பெரும்பாலும் வெளிப்படுகிறது.

அப்படியானால் ஏன் அறுவை சிகிச்சை? இத்தகைய நிலைகளில் சில, வாழ்நாள் முழுவதும் அப்படியே அடங்கி இருந்துவிடக்கூடும். சில, ஆண்டுகள் பல கழித்துச் சுவரைத் தாண்டக்கூடும். எது அடங்கும், எது தாண்டும் என்று முன்கூட்டி உறுதியாகச் சொல்ல இன்றைய மருத்துவத்தால் இயலவில்லை. ஆகவே பாதிக்கப்பட்ட பகுதியை மட்டும் அகற்றி, பெரும்பாலும் அதன்பின் சில வாரங்கள் கதிர்வீச்சு சிகிச்சை அளிக்கிறார்கள். பாதிப்பு விரிந்த பரப்பில் இருந்தால் மார்பகம் முழுவதையும் அகற்ற நேரலாம். சிலருக்குச் சில ஆண்டுகள் மாத்திரை உண்டு. முடி உதிரச் செய்யும் ‘கீமோ’ மருந்து இந்த நிலைக்குப் பொதுவாகத் தேவைப்படுவதில்லை.

அமெரிக்காவில் இந்நிலை கண்டறியப்பட்ட 1 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களின் விவரங்களை ஆராய்ந்து 2015இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. 20 ஆண்டுக் காலத்தில் மார்பகப் புற்றுநோயால் உயிரிழப்போர் 100க்கு 3 பேரைச் சற்றே தாண்டும் அளவே என்று அது கணக்கிட்டது. ஏனைய 96, 97 பேருக்கு இந்நோயால் உயிராபத்து நேரவில்லை. ஆனால் கண்டறியப்பட்ட அன்றைய இரவு, அந்த 97இல் தாமும் ஒருவர் என்று எண்ணி உறங்கச் செல்லும் பெண் அரியவர்.

ஒரு சொல்லின் பாரம்

‘புற்று’ என்னும் சொல் பக்தர்களுக்குப் புதிதன்று. அம்மன் கோயில்களில் புற்றுக்குப் பால் வார்க்கிறோம். திருவாரூர்ப் பெருமானைப் புற்றிடங்கொண்டார் என்றே போற்றுகிறோம். அதே சொல் நோயுடன் சேரும்போது மட்டும் மனக்கண்ணில் வேறொரு காட்சி எழுகிறது. மேலே தெரிவது சிறு மண்மேடு. கீழே எத்தனை வளைகள், எவ்வளவு தூரம் ஓடுகின்றனவோ என்னும் திகில் அது. நாளத்துக்குள் அடங்கிய இந்த நிலைக்கு அக்காட்சி பொருந்தாது. ஆயினும், சொல் காதில் விழுந்த கணத்தில் காட்சி எழுந்துவிடுகிறது. விளக்கம் பின்னால் வந்து சேர்கிறது.

இது நம் ஊர்ப் பாட்டிமாருக்கு மட்டும் உரிய அச்சம் அன்று. அமெரிக்காவில் இந்நிலைக்குச் சிகிச்சை பெற்ற ஏறத்தாழ 500 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2008இல் வெளியானது. தங்கள் நோய் உடலின் வேறு பாகங்களுக்குப் பரவும் வாய்ப்பு ஓரளவேனும் இருக்கிறது என்று அவர்களில் 100க்கு 28 பேர் நம்பினார்கள். உண்மையில் அந்த வாய்ப்பு மிகச் சிறியது. மனக்கலக்கம் மிகுதியாக உள்ளவர்களிடமே இத்தகைய மிகை மதிப்பீடு கூடுதலாகக் காணப்பட்டது.

2013இல் வெளியான மற்றோர் ஆய்வில், மார்பகப் புற்றுநோய் வந்திராத 394 பெண்களிடம் இதே நிலையை மூன்று பெயர்களில் விவரித்து, “உங்களுக்கு வந்தால் எந்தச் சிகிச்சையைத் தேர்ந்தெடுப்பீர்கள்?” என்று கேட்டார்கள். ‘பரவாத புற்றுநோய்’ என்று சொன்னபோது 100க்கு 47 பேர் அறுவை சிகிச்சை வேண்டும் என்றார்கள். ‘இயல்பு மாறிய செல்கள்’ என்று சொன்னபோது அது 31ஆகக் குறைந்தது. நோய் ஒன்றுதான்; பெயர்தான் வேறு. இந்த அச்சத்தைக் கருதியே, 2009இல் அமெரிக்க தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் கூட்டிய வல்லுநர் குழு, ‘கார்சினோமா’ என்னும் சொல்லை இதன் பெயரிலிருந்து நீக்குவது பற்றித் தீவிரமாகச் சிந்திக்க வேண்டும் என்று கூறியது. பெயர் இன்னும் மாறவில்லை.

இரு கரைகளுக்கு நடுவே

முற்றிய நோய் உற்றவரைச் சுற்றி உறவு கூடுகிறது. நலமாக இருப்பவரைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. இந்த அம்மையாரோ இரு கரையிலும் இல்லாதவர். சிகிச்சைக்காக மருத்துவமனையில் காத்திருக்கும்போது, பக்கத்து இருக்கையில் தலைமுடி உதிர்ந்து, உடல் மெலிந்து ஒருவர் அமர்ந்திருப்பார். அவரைப் பார்க்கையில், “இவர் படும் துன்பத்திற்கு முன் நமக்கு அழுவதற்கு என்ன உரிமை இருக்கிறது?” என்று தோன்றும். வீட்டுக்கு வந்தால், “உனக்குத்தான் ஒன்றும் இல்லையே” என்பார்கள். அழவும் இடமில்லை, ஆறவும் இடமில்லை. வெளியே செல்ல வழியற்ற அச்சம் உள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிறது.

அது பல உருவங்களில் வெளிப்படும். இரவு 2 மணிக்கு விழிப்பு வரும். முதுகில் சிறு பிடிப்பு ஏற்பட்டாலும், “எலும்பில் இறங்கிவிட்டதோ?” என்று தோன்றும். பசி குறையும். தோத்திரம் சொல்லும்போது, பல்லாண்டு மனப்பாடமான வரி நடுவில் மறந்துபோகும். காரணமின்றி மருமகள்மீது எரிச்சல் வரும். சிகிச்சை முடிந்த பின்பும், மறு பரிசோதனை நாள் நெருங்க நெருங்க இவை அனைத்தும் திரும்பி வரும். இவற்றை மனத்தளர்ச்சியின் குறை என்று எண்ண வேண்டியதில்லை. அதிர்ச்சியான செய்தியைக் கேட்ட எவருக்கும் நேர்வதே இது. வாரக்கணக்கில் நீடித்து, உணவையும் உறக்கத்தையும் அன்றாட வேலைகளையும் கெடுத்தால் மட்டும், அதற்கென்று உதவி நாட வேண்டும்.

முதிய பெண்களுக்கு இன்னொரு கவலையும் சேர்கிறது. “பேத்திக்கு வரன் பார்க்கும் நேரத்தில் இது வெளியே தெரிந்தால் என்னாவது?” என்பதே அது. காகிதம் ஒளிந்துகொண்டதற்கு அதுவும் ஒரு காரணம். மார்பகப் புற்றுநோயில் பெரும்பகுதி பரம்பரை மரபணுவினால் வருவதன்று. குடும்பத்தில் பலருக்கு வந்திருந்தாலோ, மிக இளம் வயதில் வந்திருந்தாலோ, மரபணுச் சோதனை தேவையா என்பதை மருத்துவர் சொல்வார். பேத்தியின் வாழ்வுக்குப் பாட்டியின் மௌனம் காவல் ஆகாது.

“என்ன பாவம் செய்தேன்?”

இறைநம்பிக்கை உள்ள மனத்தில் எழும் முதல் கேள்வி இதுவாகவே இருக்கிறது. எந்த நேர்த்திக்கடனைச் செலுத்த மறந்தோம், எந்த வெள்ளிக்கிழமை விளக்கேற்றாமல் விட்டோம், யார் மனத்தை நோகச் செய்தோம் என்று 60 ஆண்டு வாழ்வை அம்மையார் இரவெல்லாம் புரட்டிப் பார்த்தார். இந்தத் தேடலில் நோயைவிடக் கடுமையாகத் தம்மையே தண்டித்துக்கொள்ளும் பெண்கள் பலர்.

திருநாவுக்கரசரைச் சூலை நோய் வருத்தியது. மேல்பத்தூர் நாராயண பட்டத்திரி வாத நோயுடன் குருவாயூரப்பன் சந்நிதியில் இருந்தே நாராயணீயத்தைப் பாடினார். அவர்கள் உடலுக்கு நோய் வந்ததைக் கொண்டு அவர்களை யாரும் அளப்பதில்லை. இன்று நோயுற்ற ஒரு பெண்ணும் அவ்வாறு அளக்கப்படலாகாது. அவர் தம்மைத்தாமே அளந்துகொள்ளவும் வேண்டாம். பால்நாளத்தின் செல் ஏன் மாறுகிறது என்பதற்கு வயது, ஹார்மோன்கள் எனப் பல காரணங்கள் கூடுகின்றன. ஒரு குறிப்பிட்ட பெண்ணுக்கு ஏன் வந்தது என்பதற்குப் பெரும்பாலும் ஒற்றை விடை கிடைப்பதில்லை.

சிலர், நோய் வந்த உடலோடு பூஜையறைக்குள் நுழையலாமா என்றும் தயங்குகிறார்கள். பிறப்புக்கும் இறப்புக்கும் தீட்டுக் காப்பது வழக்கம். நோய்க்குத் தீட்டு என்று ஒன்று இல்லை. புற்றுநோய் தொட்டால் ஒட்டுவதும் இல்லை. அம்மையாருக்குத் தனித் தட்டும் தனித் தம்ளரும் வைப்பது அறியாமை; அவர் மனத்தில் அது ஆறாத புண்ணாகும். உடலுக்கு வெளியிலிருந்து செலுத்தப்படும் கதிர்வீச்சு, சிகிச்சை முடிந்ததும் அவர் உடலில் தங்கி இருப்பதில்லை. பேரக்குழந்தையை அவர் தாராளமாக மடியில் வைத்துக்கொள்ளலாம்.

அன்னையின் திருநாமமும் நம் கூச்சமும்

திருவண்ணாமலையில் உண்ணாமுலையம்மன் சந்நிதியில் நின்று அன்னையின் பெயரை வாயாரச் சொல்லி வணங்குகிறோம். திருவாவடுதுறையில் அம்பிகைக்கு ஒப்பிலாமுலையம்மை என்று திருநாமம். உலகத்துக்கெல்லாம் அமுதூட்டும் தாய்மையின் உறுப்பாகவே நம் முன்னோர் அதனைக் கண்டார்கள்; கூசாமல் தெய்வத்தின் பெயராகவே வைத்தார்கள். அந்தப் பெயரைப் பெண் குழந்தைகளுக்கும் சூட்டினார்கள்.

அதே உறுப்பில் நோய் என்றவுடன் குரல் தாழ்கிறது. மகனிடம் சொல்லக் கூச்சம். ஆண் மருத்துவரிடம் காட்டக் கூச்சம். “உடம்பு சரியில்லை” என்பதற்கு மேல் ஒரு சொல் வெளிவருவதில்லை. இந்தக் கூச்சத்தால் கட்டியை மறைத்து வைத்து, நோய் முற்றிய பிறகு மருத்துவமனைக்கு வந்தவர்கள் நம் நாட்டில் ஏராளம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் இளைய சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அந்தத் துயரமே 1954இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் நிலையம் எழுவதற்கு வித்தாயிற்று. அங்கு வாழ்நாள் முழுவதும் தொண்டாற்றிய டாக்டர் சாந்தா, நோயோடு மட்டுமன்றி, ‘புற்றுநோய் என்றால் முடிவு’ என்னும் எண்ணத்தோடும் போராடினார்.

“60 வயதைக் கடந்தவருக்கு மார்பகம் போனால் என்ன?” என்று கேட்போரும் உண்டு. அது அவருடைய பிள்ளைகள் பசியாறிய இடம். கண்ணாடி முன் நின்று புடவை உடுத்தும்போது ஒவ்வொரு நாளும் அவர் காணப்போகும் மாற்றம். வயதானவர் என்பதால் அந்த இழப்பு சிறியதாகிவிடாது. அதற்காக வருந்துவது அழகின்மீது கொண்ட ஆசையும் அன்று.

வெள்ளை மாளிகையில் ஒரு முடிவு

1987 அக்டோபரில் அமெரிக்க அதிபர் ரொனால்டு ரீகனின் மனைவி நான்சி ரீகனுக்கு வழக்கமான மேமோகிராம் பரிசோதனை நடந்தது. அப்போது அவருக்கு வயது 66. சுமார் 7 மில்லிமீட்டர் அளவே உள்ள, நாளத்தைத் தாண்டாத நோய் கண்டறியப்பட்டது. பாதிக்கப்பட்ட பகுதியை மட்டும் அகற்றும் வழியும் அவருக்கு இருந்தது. அவர் மார்பகம் முழுவதையும் அகற்றும் சிகிச்சையைத் தேர்ந்தெடுத்தார். இவ்வளவு சிறிய நோய்க்கு இவ்வளவு பெரிய சிகிச்சையா என்று வெளிப்படையாகவே சிலர் குறை கூறினார்கள். அறுவை சிகிச்சை முடிந்து 10 நாட்கள்கூட ஆகாத நிலையில் அவருடைய தாயார் மறைந்தார். உடலின் காயம் ஆறுவதற்குள் அந்தத் துயரத்தையும் அவர் தாங்க வேண்டியிருந்தது.

உலகின் தலைசிறந்த மருத்துவர்கள் அருகில் இருந்தும், ‘சிறிய நோய்’ என்று தெரிந்திருந்தும், அந்த முடிவு அவருக்கு எளிதாக இருந்திருக்க முடியாது. எந்த வழியைத் தேர்ந்தாலும் குறை சொல்ல ஒருவர் இருப்பார். அதன்பின் அவர் 28 ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்து, 2016இல் 94ஆம் வயதில் இதய நோயால் காலமானார்.

அக்காவின் கேள்வி

திருவானைக்கா அம்மையாரின் கதைக்கு வருவோம். 12ஆம் நாள் மாலை, கோயில் மண்டபத்தில் பெரியபுராண உபந்நியாசம். அன்று திருநாவுக்கரசர் சரிதம். சூலை நோய் தாங்காமல் அவர் முதலில் செய்தது என்ன? தம் துன்பத்தைத் தமக்கையார் திலகவதியாருக்குச் சொல்லி அனுப்பினார். பின்பு இரவோடு இரவாகத் திருவதிகைக்கு நடந்து, அவர் காலடியில் விழுந்தார். தமக்கையார் திருநீறு அளித்துத் திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றார். பலமுறை கேட்ட கதைதான். ஆனால் அன்று அம்மையாரின் செவியில் விழுந்தது, ‘சொல்லி அனுப்பினார்’ என்னும் சொல். வீட்டுக்கு வந்ததும் ஸ்ரீரங்கத்தில் இருக்கும் அக்காவுக்குத் தொலைபேசியில் பேசினார்.

மறுநாள் காலையில் அக்கா வந்தார். காகிதத்தைப் பார்த்தார். “ஐயோ” என்று கதறவில்லை. “இதெல்லாம் ஒன்றுமே இல்லை” என்று தள்ளிவிடவும் இல்லை. தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு, “உனக்கு எதை நினைத்தால் அதிகமாகப் பயமாக இருக்கிறது?” என்று கேட்டார். பின்பு பேசாமல் காத்திருந்தார்.

நெடுநேரம் கழித்துத் தங்கை சொன்னார்: “ஆபரேஷனுக்கு முன்னால் தாலியைக் கழற்றச் சொல்வார்களாமே, அக்கா. இவருக்கு எழுபது நடக்கப்போகிற வருஷத்தில், அதை என் கையால் கழற்றி வைப்பதா?”

11 இரவுகளாக அவரை அரித்தது அதுதான். அறுவை சிகிச்சை அரங்கில் உடலில் உலோகம் இருக்கலாகாது என்பது மருத்துவ விதி. சில மருத்துவமனைகளில் மஞ்சள் சரட்டை மட்டும் அணிந்திருக்க அனுமதிப்பதுண்டு, முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம். ஆனால் அம்மையாரின் பாரத்தை இறக்கியவர் கணவர். அன்று மாலை எல்லாவற்றையும் கேட்டு முடித்த அவர், “கழற்றி என்னிடம் கொடு. தை மாதம் திருக்கடையூரில் எப்படியும் நான்தானே மறுபடியும் கட்டப் போகிறேன்” என்றார். சொல்லும்போது அவர் குரல் தடுமாறியது. மனைவி அழுதார். அன்றிரவு உறங்கினார்.

வீட்டார் அறிய வேண்டியவை

“ஒன்றும் இல்லை” என்று சொல்வது அன்பினால்தான். ஆயினும், கேட்பவருக்கு அது கதவைச் சாத்துவதாகவே படும். “டாக்டர் நல்லபடியாகச் சொல்லியிருக்கிறார், ஆனாலும் உங்களுக்குப் பயமாக இருக்கும்தானே, அம்மா?” என்று கேட்கும் பிள்ளை, கதவைத் திறந்து வைக்கிறான். பக்கத்துத் தெருவில் யாரோ இதே நோயால் இறந்த கதையை இந்த நேரத்தில் சொல்ல வேண்டாம். உறவினர்களில் யாருக்குச் சொல்வது, யாருக்கு வேண்டாம் என்பதை அவரே தீர்மானிக்கட்டும்.

மருத்துவரிடம் தனியாக அனுப்பாமல் ஒருவர் உடன் செல்ல வேண்டும். அதிர்ச்சியில் இருக்கும் மனத்தில் பாதிச் சொற்களே தங்கும். ஒரு நோட்டில் கேள்விகளை எழுதிக்கொண்டு போகலாம். நோய் நாளத்தைத் தாண்டவில்லை என்பது உறுதியா? எவ்வளவு பரப்பில் இருக்கிறது? அதன் தரம் குறைந்ததா, மிகுந்ததா? பகுதியை மட்டும் எடுத்தால் போதுமா? கதிர்வீச்சு எத்தனை நாட்கள்? முடிவு செய்ய எத்தனை நாள் அவகாசம் எடுக்கலாம்? இந்த நிலையில் பொதுவாகச் சில நாட்கள் யோசிக்கவும், இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்கவும் நேரம் இருக்கும். மாதக்கணக்கில் மறைத்து வைக்கத்தான் கூடாது.

குறைந்த ஆபத்துள்ளவர்களுக்கு அறுவை சிகிச்சையே வேண்டாமா என்றும் ஆராய்ந்து வருகிறார்கள். அமெரிக்காவில் ஏறத்தாழ 950 பெண்களைக் கொண்டு நடந்த ‘காமெட்’ ஆய்வின் முதல் முடிவுகள் 2024 டிசம்பரில் வெளிவந்தன. இரண்டு ஆண்டுகளில், நாளத்தைத் தாண்டிய புற்றுநோய் கண்டறியப்பட்டது, தொடர் கண்காணிப்பில் இருந்தவர்களில் 100க்கு சுமார் 4 பேருக்கு. வழக்கமான சிகிச்சைக்கு உரியவர்களில் சுமார் 6 பேருக்கு. இது நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் கவனமாகத் தேர்ந்தெடுத்த பெண்களை, உரிய இடைவெளியில் மேமோகிராம் எடுத்துக் கண்காணித்த முடிவு இது. இரண்டே ஆண்டுக் கணக்கு. நாமாகச் சிகிச்சையைத் தவிர்ப்பதற்கு இது சான்றாகாது.

மனக்கலக்கம் நீங்காதபோது அதற்கும் மருத்துவம் உண்டு. அடையாறு புற்றுநோய் நிலையத்தில் உளவியல் ஆலோசனைக்கென்றே தனித்துறை இருக்கிறது. மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ உதவி எண் 14416ஐ அழைத்தால் மனநல ஆலோசகர்களிடம் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

வழிபாடும் மருந்தும்

வைத்தீஸ்வரன்கோயிலில் இறைவனையே வைத்தியநாதர் என்று வணங்குகிறோம். மருத்துவத்தைத் தெய்வத் தன்மை உடையதாகக் கண்ட மரபு நம்முடையது. ஆகவே கோயிலா, மருத்துவமனையா என்னும் கேள்வியே எழ வேண்டியதில்லை. பிரார்த்தனை செய்துகொண்டு சிகிச்சைக்குச் செல்லலாம். சிகிச்சைக்குப் பதிலாகப் பரிகாரம் என்று நாட்களைத் தள்ளக் கூடாது. சிகிச்சைக் காலத்தில் கடும் விரதங்களை மருத்துவரைக் கேட்காமல் மேற்கொள்ள வேண்டாம். கதிர்வீச்சு படும் தோலில் மஞ்சளோ சந்தனமோ பூசுவதற்கு முன்பும் அவரைக் கேட்க வேண்டும். அங்கப் பிரதட்சிணம் போன்ற நேர்த்திக்கடன்கள் காயம் ஆறும்வரை காத்திருக்கட்டும்.

இரவில் விழிப்பு வந்தால், நினைவைப் புரட்டிப் பாவக்கணக்குப் பார்ப்பதற்கு மாறாக, தெரிந்த நாமம் ஒன்றை மெல்ல மூச்சோடு சேர்த்துச் சொல்லிக்கொண்டிருப்பது பலருக்கு அமைதி தருகிறது. வரி மறந்தால் மறக்கட்டும். சொல்லும் நாமம் ஒன்றே போதும்.

அம்மையாருக்கு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அகற்றிய பகுதியைச் சோதித்தபோதும் நோய் நாளத்தைத் தாண்டவில்லை என்பது உறுதியாயிற்று. கதிர்வீச்சுக்குத் தினமும் உடன் சென்றவர் அக்கா. தை மாதத்தில் திருக்கடையூரில் பிள்ளைகள், பேரக்குழந்தைகள், சம்பந்தி வீட்டார் சூழ, கணவர் சொன்னபடியே திருமாங்கல்யத்தைக் கட்டினார்.

அச்சம் முற்றிலும் போய்விட்டதா என்றால், இல்லை. ஆனால் அது இப்போது ஒளிந்திருப்பதில்லை. பூஜை அலமாரியில் இருந்த காகிதம், மருத்துவமனைக் கோப்பில் தன் இடத்துக்குப் போய்விட்டது. சமையலறைச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் பிரதோஷம், சஷ்டி, கிருத்திகை ஆகியவற்றுக்கு நடுவே, அடுத்த மேமோகிராம் தேதியையும் அம்மையார் தம் கையாலேயே எழுதி வைத்திருக்கிறார். பக்கத்தில், “அக்கா வருவாள்” என்று ஒரு குறிப்பு.